இருபத்தேழாம் நம்பர் ஏணைக்குள் நாற்பது மீன் ரோல்ஸ்

ஆங்கிலேயரின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஒன்றில் தண்டனை அனுபவித்த ஒரே சுன்னாகத்துக்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.) அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு, எடை தொண்ணூறு கிலோ, நீச்சல் தெரியாது. செய்த குற்றம், கப்பலுக்குள் கள்ளமாகச் சாப்பாடு கொண்டுபோனது. கண்கண்ட சாட்சிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர்.

நாங்கள் அந்த நாட்களில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கோழிப் பொரியல் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மகன் யதுவுக்குப் பத்து வயது. வீட்டில் தங்கச்சியோடு வாய் ஓயாமல் சண்டை பிடிப்பான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஊமை. ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர்கள் "மிகவும் அமைதியான பிள்ளை" என்பார்கள். முதல் வருடம் அதைப் பாராட்டென்று நினைத்து ஆளுக்கொரு புன்னகையோடு வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் வருடம்தான் எங்களுக்கு வெளித்தது, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவனுடைய குரலை இன்னும் கேட்டதில்லை.

அந்த வருடம் அவர்களுக்கு விக்டோரியா மகாராணி காலம் பாடம். அந்தக் காலத்தில் தேம்ஸ் ஆற்றில் பழைய போர்க்கப்பல்களை நங்கூரம் போட்டு நிறுத்தி வைத்து, ஏழைப் பையன்களையும் அநாதைப் பையன்களையும் அதில் ஏற்றிக் கடற்படைக்குப் பழக்குவார்களாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பெயர் கிடையாது, நம்பர்தான். வெறுங்காலோடு தளம் தேய்க்க வேண்டும், பாய்மரம் ஏற வேண்டும். அப்படி ஒரு கப்பலைப் பழுதுபார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அந்தப் பையன்களைப் போல இருந்து பார்ப்பதற்கு விட்டிருந்தார்கள். கப்பலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்னை மறந்திருப்பார்கள், நானே ஏன் நினைவூட்ட வேண்டும்?

அன்றைய நாள் முடிவில் பெற்றோர் எல்லோரும் கரையில் வந்து நிற்பார்கள். அப்போது ஒரு பிள்ளை கப்பலின் மேல்தளத்தில் ஏறி நின்று, பழைய மாலுமிகளின் வெள்ளி விசிலை ஊதி எல்லோரையும் உள்ளே அழைக்க வேண்டும். வகுப்பு ஆசிரியை மிஸ் ஹார்ப்பர் அதற்கு யதுவைத் தெரிவு செய்தார். வாய் திறந்து பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அவனுக்குக் கொடுத்தார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எங்களுக்கு அவன் கடற்படைத் தளபதி ஆகிவிட்டது போலத்தான் இருந்தது. பிறந்து பத்து வருடத்தில் அவனை யாரோ எதற்கோ தெரிவு செய்தது அதுதான் முதல் முறை.

பழகுவதற்கு ஒரு விசிலை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஊதினான். முதல் வாரம் கேத்தில் கொதிப்பது போல இருந்தது. இரண்டாம் வாரம் கீழே கோழிக் கடைக்காரர் படியேறி வந்து, வீட்டில் ஏதாவது பறவை வளர்க்கிறோமா என்று விசாரித்தார். மூன்றாம் வாரம் அதில் ஒரு மெட்டு வந்தது. நீளமாக ஒன்று, பிறகு மேலே ஏறி ஒன்று, பிறகு மெல்ல இறங்கி ஒன்று. அந்த மூன்றாவது மட்டும் பத்து முறைக்கு ஏழு முறை பிசகும்.

உதவிக்குப் பெற்றோர் இரண்டு பேர் தேவை என்று கடிதம் வந்தது. என் மனைவி சுகந்தி என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். "ஒரு நாளும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகேல்லை. இதுக்காவது போங்கோ" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஷிப்ட் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஐந்து வருட விழாக்களிலிருந்து தப்பியிருந்தேன்.

யது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டான்.

"அப்பா, ப்ளீஸ், நீங்கள் அங்க ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா நில்லுங்கோ. ஓகே?"

"ஓம் ராசா. சும்மாதான் நிப்பன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நாங்கள் போவதற்கு முதல் நாள்தான் வாசித்தோம். மதியச் சாப்பாடு கப்பலிலேயே, அந்தக் காலத்து முறையில் கொடுக்கப்படும். பட்டாணி சூப், கப்பல் பிஸ்கட். வெளிச் சாப்பாடு கண்டிப்பாகக் கொண்டுவரக் கூடாது.

"என்ன பிஸ்கட்டாம்?" சுகந்தி கேட்டாள்.

"மாவும் தண்ணியும் மட்டுமாம். கல்லு மாதிரி இருக்குமாம்."

"ஐயோ, அதைத் திண்டிட்டுப் பிள்ளை எப்பிடி விசில் ஊதுறது? பல்லு உடைஞ்சிடுமெல்லே!"

"சாப்பாடு கொண்டு வரக் கூடாதெண்டு போட்டிருக்கப்பா."

"அது அவை வழக்கமாப் போடுறது. பிள்ளை பசியில நிக்கேக்க நாங்கள் சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதே?"

யது ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது பாவம். ஆகவே எல்லோருக்கும் செய்ய வேண்டும். ஆசிரியர்களை விட்டுவிட்டுச் சாப்பிடுவது மரியாதை இல்லை. ஆகவே நாற்பது. சுகந்தி சட்டத்தை மதிக்கிறவள்தான், கச்சான் கடலை ஒவ்வாத பிள்ளைகளை நினைத்து எண்ணெய்ப் போத்தலைக்கூட இரண்டு முறை வாசித்தாள். "ஆடெண்டால் சில பேர் சாப்பிடாயினம். கோழியெண்டால் ஹலாலோ எண்டு கேப்பினம். மீன் ரோல்ஸ் எண்டால் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. கப்பல்தானே, பொருத்தமாவும் இருக்கும்." இவ்வளவு ஒழுங்குகளையும் கடைப்பிடித்த எங்களுக்கு, கொண்டுவரவே கூடாது என்ற ஒரே ஒரு ஒழுங்குதான் கண்ணில் படவில்லை.

ஆற்றங்கரையில் பைகளை எல்லாம் ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான் அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தேன். ஈயத்தாளில் சுற்றிய இரண்டு நீளப் பொட்டலங்கள் என் குளிர்கால ஜக்கெட்டின் உள்ளே, வலப்பக்கம் இருபது, இடப்பக்கம் இருபது. என் உடம்பு வாகுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் என் தொந்தியால் எனக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது.

கப்பலுக்குள் ஏறும் ஏணிப்பலகையில் நீலக் கோட்டுப் போட்ட ஆபிசர் ஒருவர் நின்றார். நடிகர்தான், ஆனால் அவருக்கு அதை யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருந்தது. பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக நம்பர் கொடுத்துக் கத்தினார். (ஆங்கிலத்தில்தான் கத்தினார். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதையான மனிதராகத் தெரிகிறார்.) யது இருபத்தேழாம் நம்பர். கழுத்தில் சங்கிலியோடு விசிலை மாட்டிவிட்டார். யது என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சும்மா நின்றேன்.

கீழ்த்தளத்தில் கூரை தலையில் இடித்தது. ஒரு மூலையில் அடுப்பு எரிந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய தாள். ஆபிசர் அதைக் காட்டி, ஒரு பையனைக் கப்பலில் சேர்க்கும்போது தாயார் கையெழுத்து வைத்த தாள் இது என்றார். கையெழுத்து என்றாலும் அது வெறும் புள்ளடிதான், பெருக்கல் குறி மாதிரி. அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாதாம். வீட்டில் சாப்பாடு போட வழியில்லை, கப்பலிலாவது மூன்று நேரமும் சாப்பிடுவான் என்று கொண்டுவந்து விட்டாளாம்.

பிள்ளைகள் அடுத்த சாமானைப் பார்க்கப் போய்விட்டார்கள். என்னால் அந்தப் புள்ளடியை விட்டு நகர முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுப்புச் சூட்டில் ஜக்கெட்டுக்குள் இருந்த ரோல்ஸும் சூடாகத் தொடங்கின. கறிவேப்பிலையும் மீனும் என் கழுத்தடியால் வெளியே வந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெண் பிள்ளை மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தாள். ஜக்கெட்டைக் கழற்றினால் பிடிபடுவேன். கழற்றாவிட்டால் மயங்கி விழுவேன். சுவரோரமாக மாலுமிகளின் படுக்கைகள் சுருட்டிக் கட்டி அடுக்கியிருந்தன. கன்வஸ் துணி, இரண்டு பக்கமும் கயிறு, கூரைக் கொளுக்கியில் மாட்டினால் படுக்கலாம். நாங்கள் குழந்தைக்குக் கட்டும் ஏணைதான், கொஞ்சம் நீளம். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். எனக்குத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் மகனைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று, இரண்டு பொட்டலத்தையும் இருபத்தேழாம் நம்பர் சுருளுக்குள் தள்ளினேன். அந்த வயதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

ஏணை கட்டும் பயிற்சி சாப்பாட்டுக்குப் பிறகு என்று நினைத்திருந்தேன். அது சாப்பாட்டுக்கு முன்னர்.

ஆபிசர் கத்தினார். முப்பது பிள்ளைகளும் ஓடிப்போய்த் தங்கள் நம்பரை எடுத்தார்கள். யார் முதலில் அவிழ்த்துக் கட்டுவது என்று போட்டி. யதுதான் எல்லோருக்கும் முதல் கயிற்றை அவிழ்த்தான். துணியை ஒரு உதறு உதறினான்.

ஈயத்தாள் கிழிந்தது. அந்தக் கப்பலின் தளம் கொஞ்சம் சரிவு என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாற்பது ரோல்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு, பிள்ளைகளின் கால்களுக்கு நடுவால் வளைந்து போய், ஆபிசரின் சப்பாத்தடியில் சேர்ந்தன. கடைசி ஒன்று மட்டும் தயங்கித் தயங்கி வந்து நின்றது.

"இருபத்தேழாம் நம்பர்! இது என்ன?"

மிஸ் ஹார்ப்பரின் முகம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது. யது ரோல்ஸைப் பார்த்தான். உடனே விளங்கிவிட்டது, உலகத்தில் அப்படி மடித்துப் பொரிக்கிற கை ஒன்றுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "நான்தான்" என்று நான் உடனே சொல்லவில்லை. மூன்று விநாடி நின்றேன். சும்மா நிற்பதாகச் சத்தியம் பண்ணியிருந்தேன் அல்லவா என்று பிறகு சாட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எனக்குப் பயம். சீருடை போட்ட ஆள் கத்தினால் என் நாக்கு உள்ளே போய்விடும், அது நடிகனாக இருந்தாலும். பெற்றோல் நிலையத்தில் இரண்டு பேரை மேய்க்கிற மனிதன், ஒரு வாடகைக் கோட்டுக்குப் பயந்து நின்றேன்.

அந்த மூன்று விநாடிக்குள் யது ஓரடி முன்னால் வந்தான். மார்பை நிமிர்த்தி, அந்தத் தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னான்.

"என்ரதுதான், சேர்."

வகுப்பில் மற்ற இருபத்தொன்பது தலைகளும் திரும்பின. கள்ளச் சாப்பாட்டை ஒருவரும் பார்க்கவில்லை, யதுவின் வாயைத்தான் பார்த்தார்கள். மிஸ் ஹார்ப்பர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து வருடத்தில் பள்ளிக்கூடத்தில் அவன் சத்தமாகச் சொன்ன முதல் வசனம் அது. அதுவும் பொய். அதுவும் எனக்காக.

ஆபிசருக்கு இதொன்றும் தெரியாது. அவர் தன் வேலையைச் செய்தார். கையை நீட்டி, யதுவின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார்.

அந்தச் சங்கிலி அவன் காதில் ஒருமுறை சிக்கி விடுபட்டதைக் கண்டதும் எனக்குக் கால் தானாக முன்னே போனது. கையையும் உயர்த்திவிட்டேன், வகுப்பில் உயர்த்துவது போல. ஆனால் ஆங்கிலம் முழுவதும் என்னை விட்டு ஓடிவிட்டது.

"ஐயா! பிள்ளை ஒண்டும் செய்யேல்லை ஐயா! நான்தான் வைச்சனான்! விசிலைக் குடுங்கோ ஐயா!"

தேம்ஸ் ஆற்றில் ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து ஐயா, ஐயா என்று தமிழில் கெஞ்சினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் முழுவதும் விளங்கியது. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"இந்தக் கப்பலில் எனக்குத் தெரியாமல் இன்னொரு பையன் இருக்கிறான். முப்பத்தோராம் நம்பர்! சப்பாத்தைக் கழற்று!"

தீர்ப்பு இதுதான்: மேல்தளத்தில் படிக்கட்டிலிருந்து நடுப் பாய்மரம் வரை நான் தேய்க்க வேண்டும். பெற்றோர் வருவதற்குள் முடித்தால் இருபத்தேழாம் நம்பருக்கு விசில் திரும்பக் கிடைக்கும். முடிக்காவிட்டால் இல்லை.

ஐந்தாம் வகுப்பு ஆரவாரம் செய்தது. நான் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, தளம் தேய்க்கும் செங்கல் அளவு கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். மேலே குளிர் காற்று. வாளியில் ஆற்றுத் தண்ணீர் போன்ற தண்ணீர். பத்தாவது நிமிடத்தில் முழங்கால் போனது. இருபதாவது நிமிடத்தில் இடுப்பு போனது. பாய்மரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே பிள்ளைகள் சூப்பும் பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். கல் போன்ற அந்தப் பிஸ்கட்டை எல்லோரும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்களாம். ரோல்ஸில் ஒன்றைக்கூட ஒரு பிள்ளைக்கும் கொடுக்கவில்லை, ஒழுங்கு ஒழுங்குதான்.

பக்கத்தில் இன்னொரு கல் தேய்க்கும் சத்தம் கேட்டது. யது வெறுங்காலோடு முழங்காலில் நின்றான்.

"நீ போய்ச் சாப்பிடு."

"சாப்பிட்டிட்டன். நல்லா இருந்தது." கொஞ்சம் தேய்த்தான். "ஏன் அப்பா கொண்டு வந்தனீங்கள்? நோ ஃபூட் எண்டு போட்டிருந்ததெல்லே."

"நீ பசியில நிப்பாய் எண்டு."

"ஒரு நாள்தானே அப்பா."

அவன் சொன்னது சரிதான். ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"நான் பதினைஞ்சு வயசில தனியத்தானே ஊரை விட்டு வெளிக்கிட்டனான். வெளிக்கிடேக்க அப்பம்மா ஒரு பார்சல் கட்டித் தந்தவ. வழியில எங்களைக் கள்ளமாக் கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன், இது மணக்கும், பிடிபடுவாய், எறி எண்டான். எறிஞ்சிட்டன். பிறகு மூண்டு நாள் பிரான்சில ஒரு ஸ்டேஷனில சாப்பாடு இல்லாமல் இருந்தனான். பசி பெரிசில்லை. அந்தப் பார்சலுக்குள்ள என்ன இருந்ததெண்டு பிரிச்சுக்கூடப் பாக்கேல்லை. அதுதான்."

யது கல்லை நிறுத்தினான். இதை நான் அவனுக்கு அதுவரை சொன்னதில்லை. சுகந்திக்கே பாதிதான் தெரியும்.

"அப்ப நீங்களும் இந்தப் பையன்கள் மாதிரித்தான் வந்தனீங்களோ?"

"ஓம். கிட்டத்தட்ட."

"உங்களுக்கு என்ன நம்பர்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அகதி அட்டையில் ஒரு நம்பர் இருந்தது, ஏழு இலக்கம், இன்றைக்கும் மனப்பாடம். சொன்னேன். அவன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினான். இரண்டு பேருமாகத் தேய்த்தபோது பாய்மரம் கொஞ்சம் கிட்ட வந்தது.

இரண்டரை மணிக்குக் கரையில் பெற்றோர் கூடினார்கள். சுகந்தி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, நல்ல சேலை உடுத்து, முன்வரிசையில் நின்றாள். எங்களுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. ஆபிசர் வந்து பார்த்தார். மீசையில் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது. (பிடிபட்ட சரக்கைக் கப்பல் ஆட்கள் தங்கள் முறைப்படி அழித்திருந்தார்கள்.) அவர் அந்த ஒரு முழத்தின்மேல் தன் சப்பாத்தை வைத்து மறைத்துக்கொண்டு, "வேலை முடிந்தது" என்று சத்தமாக அறிவித்தார். பிறகு குனிந்து யதுவின் கழுத்தில் விசிலை மாட்டினார்.

யது மேலே ஏறி நின்றான். முதலாவது சரி. இரண்டாவது ஏறியது. மூன்றாவது பிசகியது. அவன் நிறுத்தினான். நான் முழங்காலில் நின்றபடி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மூச்சை எடுத்து மறுபடி ஊதினான். மெல்ல, நீளமாக, ஆற்றின்மேல் அது இறங்கிப் போனது. என் வாழ்நாளில் நான் கேட்ட சங்கீதம் அவ்வளவுதான், அதற்குமேல் எனக்குத் தேவையும் இல்லை.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலுக்குள் வந்தாள். வெறுங்கால், மடித்த காற்சட்டை, நனைந்த சட்டையோடு நான்.

"என்னப்பா இது கோலம்?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எல்லாப் பிள்ளையளுக்கும் ரோல்ஸ் காணுமா இருந்ததோ?"

"ஓம்," என்றேன். "நல்லாக் காணும்."

அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தின் சுற்றுலாக் கடிதத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: பெற்றோர் படுக்கைச் சுருள்களுக்குள் உணவுப் பொருட்களை வைக்க வேண்டாம். மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடமும் அது இருந்தது. இந்த நாட்டில் நான் உண்டாக்கிய ஒரே சட்டம் அது. வீட்டில் கோப்பை உடைந்தாலும், யாரோ கடைசிப் பால் முழுவதையும் குடித்துவிட்டாலும், சுகந்தி "ஆர் செய்தது?" என்று கேட்கும் முன்னர் நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து நின்று "என்ரதுதான், சேர்" என்போம். யது பள்ளிக்கூடத்தில் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினான். பிறகு பேச்சை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை நாங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

போன வருடம் அவனுக்கு ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்தது. இருபத்து மூன்று வயது. சுகந்தி அவன் வெளிக்கிடுவதற்கு முதல் நாளே ரோல்ஸ் பொரித்துவிட்டாள். "வேண்டாம் அம்மா, ரெயினில மணக்கும்" என்றான். மணக்கும் என்ற சொல் எனக்குப் பழக்கமானது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, சுருட்டிக் கட்டி வைத்திருந்த அவனுடைய போர்வையைக் கொஞ்சம் அவிழ்த்து, மறுபடி கட்டினேன். ஸ்டேஷனில் வழியனுப்பும்போது சும்மாதான் நின்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் நான் வேலையில் நிற்கும்போது போனில் ஒரு படம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு அறை, மரத் தளம், விரித்த போர்வை. தளம் முழுக்க ரோல்ஸ். அவனோடு புதிதாக அறை எடுத்திருந்த இரண்டு பையன்கள் ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது யாருடையது என்று கேட்டார்களாம். தான் சொன்ன பதிலைப் படத்துக்குக் கீழே, ஆங்கில எழுத்துகளில் தமிழில் எழுதியிருந்தான்.

"என்ரதுதான், சேர்."